வாசகர் கேள்வி-பதில்: புயல், வெள்ளம், கத்திரி வெயில் – மொட்டை மாடி சோலாரை அணைப்பது எப்படி?

2024 பிப்ரவரியில் மொட்டை மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பி.எம். சூர்யா கர் திட்டம் வந்த பிறகு நம் ஊர்களில் பேனல் போட்ட வீடுகள் வேகமாகப் பெருகியிருக்கின்றன. பேனலைப் பற்றியும் மானியத்தைப் பற்றியும் எல்லோரும் பேசுகிறார்கள். அதை அணைக்கும் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்பது பல வீடுகளில் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும், அவரும் புயலன்று வெளியூரில் இருக்கலாம். பருவமழைக்கு முன்பாக, இந்த இதழில் பாதுகாப்பு நிறுத்தம் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் தருகிறோம்.

வீட்டில் மின்வாரிய லைனோடு (கிரிட்) சேர்ந்து ஓடும் 3 கிலோவாட் ஆன்-கிரிட் சோலார் இருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்தால் எதை முதலில் அணைப்பது? மாட்டிவிட்டுப் போனவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.
– வாசகர், கடலூர்

முதலில் ஏசி, பிறகு டிசி. பேனல் தருவது டிசி (நேர்மின்சாரம்), அதை வீட்டுக்கு வேண்டிய ஏசியாக (மாறுமின்சாரமாக) மாற்றும் பெட்டிதான் இன்வெர்ட்டர். ஏசிடிபி என்று எழுதிய பெட்டிக்குள் இருக்கும் பிரேக்கரைக் கீழே இறக்குங்கள். சில விநாடிகளில் இன்வெர்ட்டர் உற்பத்தியை நிறுத்தும், திரையில் வாட் பூஜ்யமாகும். அதைப் பார்த்த பிறகு இன்வெர்ட்டரின் அடியில் இருக்கும் டிசி திருகு ஸ்விட்சை அணையுங்கள். கடைசியாக, டிசிடிபி என்று எழுதிய டிசி பெட்டியில் அல்லது மாடியில் இருக்கும் ஐசொலேட்டர், அதாவது டிசி வயரைத் துண்டிக்கும் ஸ்விட்ச். ஏசியை அணைத்ததுமே டிசி வயரில் ஓட்டம் நின்றுவிடுவதால், அடுத்த ஸ்விட்ச்களை அணைக்கும்போது உள்ளே பொறி விழாது. வரிசை மாறினால் 12, 13 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிசியைத் துண்டிக்கிறீர்கள். நல்ல ஸ்விட்ச் அதைத் தாங்கும், மட்டமான ஸ்விட்ச் தாங்காது. உங்கள் வீட்டில் இருப்பது எது என்று புயல் நேரத்தில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

அணைத்த பிறகும் இன்வெர்ட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் வடிய 5 நிமிடமாவது ஆகும். அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரில் எத்தனை நிமிடம் என்று போட்டிருக்கும்.

இப்போது மிக முக்கியமான விஷயம். எல்லாவற்றையும் அணைத்தாலும் பேனலிலிருந்து முதல் ஸ்விட்ச் வரை வரும் வயர் சாகாது. வெளிச்சம் இருக்கும்வரை பேனல் வோல்டேஜ் கொடுத்துக்கொண்டே இருக்கும். 540 வாட் பேனல் ஒன்றுக்குத் திறந்த நிலையில் ஏறத்தாழ 50 வோல்ட். 6 பேனல் தொடராக இருந்தால் 300 வோல்ட். மழைமேகம் கவிந்திருந்தாலும் ஆம்பியர்தான் பெரிதாகக் குறையும், வோல்டேஜ் அவ்வளவாகக் குறையாது. ஐசொலேட்டரை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் அதற்கு மேலே இருக்கும் வயரையோ கனெக்டரையோ தொடக்கூடாது.

இதையெல்லாம் காற்று ஏறுவதற்கு முன், முடிந்தால் முதல் நாள் பகலிலேயே முடித்துவிடுங்கள். கூடவே மாடியில் கிடக்கும் பூந்தொட்டி, தகரம், தண்ணீர்த் தொட்டி மூடி ஆகியவற்றை இறக்கிவிடுங்கள். புயலில் பல நேரம் பேனல் கண்ணாடியை உடைப்பது அவைதான். பேனல் மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டாதீர்கள். அது காற்றைப் பிடித்து ஸ்டாண்டையே தூக்கும். எர்த் வயரை ஒருபோதும் கழற்றாதீர்கள்.

திரும்பப் போடுவது நிதானமாக நடக்கட்டும். கரண்ட் வந்து அரை மணி நேரம் வோல்டேஜ் நிலையாக இருக்கிறதா என்று பாருங்கள். மாடிக்குப் போய் எட்ட நின்று பேனல், வயர், பெட்டி எல்லாவற்றையும் பாருங்கள். எதுவும் தொங்கவில்லை, உடையவில்லை என்றால் மாடி ஐசொலேட்டர், இன்வெர்ட்டர் டிசி, கடைசியாக ஏசி என்று போடுங்கள். சில தயாரிப்புகளில் ஏசியை முதலில் போடச் சொல்லியிருப்பார்கள். அப்படி எழுதியிருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடுகிறது. அப்புறம் நான் எதற்குத் தனியாக அணைக்க வேண்டும்?
– வாசகி, தாம்பரம்

அது தானாக நிற்பது லைன்மேனைக் காப்பாற்ற. கம்பத்தில் கரண்ட் இல்லை என்று நினைத்து அவர் வேலை செய்யும்போது உங்கள் வீட்டுச் சோலார் லைனுக்குள் மின்சாரம் அனுப்பக்கூடாது. அதனால் கிரிட் போன 2 விநாடிக்குள் இன்வெர்ட்டர் விலகிவிட வேண்டும் என்பது விதி. டிசி பக்கம் இதனால் எதுவும் மாறுவதில்லை. மாடியிலிருந்து இன்வெர்ட்டர் வரை 300 வோல்ட் அப்படியே நிற்கும்.

இன்னொன்று. புயலுக்குப் பிறகு கரண்ட் ஒரே தடவையில் வந்து நிற்பதில்லை, வந்து வந்து போகும். நியூட்ரல் அறுந்த லைனில் 230-க்குப் பதில் 350 வோல்ட்கூட வரலாம். கிரிட் சரியாக இருக்கிறது என்று தோன்றியதும் இன்வெர்ட்டர் ஒரு சில நிமிடத்தில் தானாக மறுபடி சேர முயலும். அந்த முயற்சிகளுக்கு நடுவே அதன் ரிலேயும் (லைனோடு சேர்க்கும் உள் ஸ்விட்ச்) சர்ஜ் (திடீர் வோல்டேஜ் எழுச்சி) பாதுகாப்பும் அடிவாங்கும். ஏசி பிரேக்கரை நீங்கள் இறக்கி வைத்திருந்தால் அந்த அடி இல்லை.

மாடியில் இருக்கும் டிசி பெட்டி மே மாத வெயிலில் தொட முடியாத அளவு சுடுகிறது. போன வாரம் கருகிய வாசனை வந்தது. உள்ளே ஸ்விட்சின் பக்கம் பழுப்பாகியிருக்கிறது.
– வாசகர், வேலூர்

இந்தக் கேள்வியைப் படிக்கும் எல்லோரும் தங்கள் பெட்டியை ஒருமுறை பார்ப்பது நல்லது. உங்கள் பெட்டியை இனி இயக்காதீர்கள். கீழே ஏசி பிரேக்கரை இறக்கிவிட்டு, நிறுவியவரைக் கூப்பிடுங்கள். பழுப்பேறிய ஸ்விட்சைத் திருப்பிக்கூடப் பார்க்க வேண்டாம்.

காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும், சில வீடுகளில் நான்கும் சேர்ந்தே இருக்கும்.

முதலாவது, ஏசி எம்சிபியை (தானாக விழும் சிறு பிரேக்கர்) டிசி வேலைக்குப் போட்டிருப்பார்கள். நம் வீட்டு ஏசி மின்சாரம் விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போகும், அந்தக் கணத்தில் பொறி தானாக அணையும். டிசி பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை. பிடித்த பொறி பற்றிக்கொண்டே இருக்கும். பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான், விலை மட்டும் வேறு. உடம்பில் டிசி வோல்டேஜ் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, டிசி எம்சிபியையே தலைகீழாக இணைத்திருப்பார்கள். பல டிசி எம்சிபிகளில் பொறியை அணைக்கும் அறைக்குள் தள்ள ஒரு சிறு காந்தம் இருக்கும். மின்னோட்டம் எதிர்த் திசையில் போனால் அந்தக் காந்தம் பொறியை அணைக்கும் அறைக்கு எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். அன்றாடம் ஒன்றும் தெரியாது. சுமையோடு அணைக்கும் நாளில் தீப்பிடிக்கும். உடம்பில் கூட்டல், கழித்தல் குறி இருந்தால் அது திசை பார்த்து இணைக்க வேண்டிய வகை. திசை பார்க்காத திருகு ஐசொலேட்டரையே நாங்கள் பரிந்துரைக்கிறோம்.

மூன்றாவது, தளர்ந்த திருகு. வயர் முனையில் லக் (உலோக முனைக் குப்பி) போடாமல் நூலிழைகளை அப்படியே செருகி, கை வாக்கில் முறுக்கியிருப்பார்கள். பகலில் சூடேறி விரிந்து, இரவில் குளிர்ந்து சுருங்கி, இரண்டு கோடையில் பிடி விட்டுப்போகும். எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது ஸ்விட்சின் உடம்பிலேயே நியூட்டன் மீட்டரில் இருக்கும், அதற்கான டார்க் ஸ்குரூடிரைவர் கொண்டுவரச் சொல்லுங்கள்.

நான்காவது, வெயில். 42 டிகிரி நாளில் நேர் வெயிலில் மூடிய பெட்டிக்குள் 60 டிகிரியைத் தாண்டும். ஸ்விட்சின் ஆம்பியர் கணக்கு பொதுவாக 40 டிகிரியை ஒட்டிச் சொல்லப்படுவது, சூட்டில் அது குறையும். வோல்டேஜ் ஏறினாலும் குறையும். 500 வோல்ட்டில் 32 ஆம்பியரைத் துண்டிக்கும் ஸ்விட்ச் 1000 வோல்ட்டில் அதில் பாதியைக்கூடத் துண்டிக்க முடியாமல் போகலாம். 6 பேனல் தொடராக உள்ள வீட்டுக்கான கணக்கு: 300 வோல்ட்டை 1.2-ஆல் பெருக்கினால் 360. ஷார்ட் சர்க்யூட் ஓட்டம் 14 ஆம்பியரை 1.25-ஆல் பெருக்கினால் 17.5. ஆகவே 600 வோல்ட் டிசியில் 25 அல்லது 32 ஆம்பியர், ஐஇசி 60947-3 தரமும் டிசி-பிவி2 என்ற குறியும் உள்ள ஐசொலேட்டர் கேளுங்கள். பெட்டியை நேர் வெயில் படாத சுவரில் அல்லது பேனலின் நிழலில் வையுங்கள்.

வயர் பெட்டிக்குள் அடிப்பக்கமாகத்தான் நுழைய வேண்டும். மேலிருந்து நுழையும் வயர் வழியே மழைநீர் இறங்கும், கிளாண்ட் (வயர் நுழையும் துளையை அடைக்கும் மூடி) எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் வெயிலில் அதன் ரப்பர் காய்ந்து வெடிக்கும். ஆஸ்திரேலியாவில் கூரை மேல் ஐசொலேட்டர் கட்டாயம் என்று இருந்தது. தண்ணீர் புகுந்து அந்த ஐசொலேட்டர்களே தீக்குக் காரணமாகிவிட்டதால், 2021-இல் திருத்திய தரத்தில் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தினார்கள். பாதுகாப்புக்காக வைத்த பெட்டி மோசமாக வைக்கப்பட்டால் அதுவே ஆபத்து.

சிலர் “ஷார்ட் ஆனால் எம்சிபி டிரிப் ஆகிவிடும் அல்லவா?” என்று கேட்கிறார்கள். ஆகாது. ஓடும்போது 13 ஆம்பியர் தரும் பேனல் ஷார்ட் ஆனாலும் 14-தான் தரும். 20 ஆம்பியர் எம்சிபிக்கு அது வழக்கமான ஓட்டம். ஒற்றைத் தொடர் பேனல் உள்ள வீட்டில் டிசி பக்கத்து ஷார்ட்டை எந்த ஃபியூசும் பார்த்துக்கொள்ளாது.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் கீழ்த்தளத்தில் இருந்த இன்வெர்ட்டர் மூழ்கியது. புதிதாக மாற்றிவிட்டோம். மறுபடி வெள்ளம் வந்தால் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், முடிச்சூர்

புதியதையும் அதே இடத்தில்தான் மாட்டியிருக்கிறீர்களா? அப்படியானால் முதல் வேலை, மாடிப்படி அறைக்கு மாற்றுவது. அங்கே நிழல், காற்றோட்டம் இரண்டும் கிடைக்கும், பேனலிலிருந்து டிசி வயரின் நீளமும் குறையும். அங்கிருந்து கீழே இறங்குவது ஏசி மட்டுமே, ஒரு பிரேக்கரில் அது சாகும். மாற்ற முடியாவிட்டால் மிக்ஜாம் தண்ணீர்க் கறைக்கு மேல் ஒரு மீட்டராவது உயர்த்துங்கள்.

தண்ணீர் தெருவில் ஏறும்போதே மேலே சொன்ன வரிசையில் அணைத்துவிடுங்கள். மாடி ஐசொலேட்டர் தன் விலைக்கு வேலை செய்வது இந்தச் சூழ்நிலையில்தான். அது அணைந்திருந்தால் மூழ்கும் இன்வெர்ட்டருக்கு 300 வோல்ட் இறங்கி வராது. தண்ணீர் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டதா? அப்போது அதில் இறங்கி நடந்துபோய் எதையும் அணைக்க முயலாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லி லைனைத் துண்டிக்கச் சொல்லுங்கள், மாடிக்குப் போக வறண்ட வழி இருந்தால் ஐசொலேட்டரை மட்டும் அணையுங்கள்.

வடிந்த பிறகு மூழ்கிய இன்வெர்ட்டரை வெயிலில் காயவைத்து ஓட்டிப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். சேற்று நீரின் உப்பு போர்டில் படிந்து, சில நாள் ஓடிவிட்டுப் பிறகு வெடிக்கும். மூழ்கிய பிரேக்கர், ஐசொலேட்டர், எஸ்பிடி (சர்ஜைத் தடுக்கும் கருவி) மூன்றையும் மாற்றியாக வேண்டும். துடைப்பதற்கு முன் தண்ணீர்க் கறையோடும் சீரியல் எண்ணோடும் புகைப்படம் எடுங்கள், காப்பீட்டுக்கு அதுதான் கேட்பார்கள். டிசி வயரை மெகரால் (வயரின் காப்புத் தன்மையை அளக்கும் மீட்டர்) சோதித்து, கூட்டல் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே, கழித்தல் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே தலா 1 மெகா ஓம் ஆவது இருந்தால்தான் புதிய இன்வெர்ட்டரோடு சேர்க்கலாம்.

மழை பெய்த மறுநாள் காலை ‘ஐசோ ஃபால்ட்’ என்று காட்டி ஓட மறுக்கிறது. பத்து மணிக்கு மேல் தானாக ஓடுகிறது. விட்டுவிடலாமா?
– வாசகர், தூத்துக்குடி

விடக்கூடாது. ஒவ்வொரு காலையும் இன்வெர்ட்டர் ஓடத் தொடங்குமுன் டிசி வயர் எங்காவது எர்த்தைத் தொடுகிறதா என்று அளக்கும். ஈரம் காயும்வரை தொடுகிறது, காய்ந்ததும் விடுகிறது. காரணம் பெரும்பாலும் தரையில் தேங்கிய நீரில் கிடக்கும் எம்சி-4 கனெக்டர் (பேனல் வயர்களை இணைக்கும் பிளக்), வெவ்வேறு கம்பெனியின் ஆண், பெண் கனெக்டரை ஜோடி சேர்த்த இடம், அலுமினிய விளிம்பில் உரசிய வயர், அணில் கடித்த வயர். உங்கள் ஊர் உப்புக் காற்றில் இது சீக்கிரம் முற்றும்.

இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இது எலெக்ட்ரீஷியனின் வேலை, 1000 வோல்ட் தாங்கும் மீட்டர் வேண்டும். ஈரம் இருக்கும்போதே, ஏசியையும் டிசியையும் அணைத்துவிட்டு, பேனல் பக்கத்து முனைகளில் அளக்கச் சொல்லுங்கள். 10 பேனலில் மொத்தம் 480 வோல்ட், கூட்டல் முனைக்கும் எர்த்துக்கும் 144, கழித்தல் முனைக்கும் எர்த்துக்கும் 336 என்று வைத்துக்கொள்வோம். பேனலுக்கு 48 வோல்ட் என்றால் 144 என்பது 3 பேனல். கூட்டல் பக்கத்திலிருந்து மூன்றாவது, நான்காவது பேனல்களுக்கு நடுவில் இருக்கும் கனெக்டரைப் பாருங்கள்.

இன்வெர்ட்டர் அமைப்பில் போய் அந்த எச்சரிக்கையின் அளவைக் குறைத்துவிட்டோ, எர்த்தைக் கழற்றிவிட்டோ ‘சரி செய்து’ தருபவரை வீட்டுக்குள் விடாதீர்கள். அப்புறம் மழை நாளில் பேனல் சட்டத்தைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும்.

அமெரிக்காவில் இருக்கும் மகள், அங்கே ‘ரேப்பிட் ஷட்டவுன்’ கட்டாயம், நீங்களும் போடுங்கள் என்கிறாள். அவசியமா?
– வாசகர், திருச்சி

அங்கே அது தேசிய மின் விதித்தொகுப்பில் 2014-இல் நுழைந்தது. 2017 பதிப்பு அதைப் பேனல் அளவுக்குக் கொண்டுபோனது: அணைத்த 30 விநாடிக்குள் பேனல் பரப்புக்குள் 80 வோல்ட்டுக்கும், வெளியே 30 வோல்ட்டுக்கும் இறங்க வேண்டும். காரணம் தீயணைப்பு வீரர்கள். அங்கே மர வீடுகள் அதிகம், வயர் கூரைக்குள் ஓடும், தீ என்றால் வீரர் கூரையை வெட்டித் திறப்பார். நம்மிடம் அது கட்டாயமில்லை.

வேலை செய்யும் விதம் இது. ஒவ்வொரு பேனலுக்கும் அடியில் ஒரு சிறு கருவி. இன்வெர்ட்டர் அருகே உள்ள டிரான்ஸ்மிட்டர் ‘ஓடு’ என்ற சிக்னலை டிசி வயர் வழியே அனுப்பிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனாலோ பொத்தானை அழுத்தினாலோ சிக்னல் நிற்கும், எல்லாக் கருவிகளும் தம் பேனலைத் துண்டிக்கும். புயலில் வயர் அறுந்து விழுந்தால் இதன் பலன் பெரியது, அறுந்த முனையில் 300 வோல்ட் இருக்காது.

குறையும் உண்டு. பேனலுக்கு இரண்டு கனெக்டர் ஜோடி கூடுகிறது. மேலே தூத்துக்குடி வாசகரின் தொல்லையே கனெக்டரால் வருவதுதான். பேனல் அடியில் 70 டிகிரியில் எலெக்ட்ரானிக் கருவி வருடக்கணக்கில் இருக்க வேண்டும். இடி சர்ஜில் டிரான்ஸ்மிட்டர் போனால் மொத்த உற்பத்தியும் நிற்கும். இரண்டு இன்வெர்ட்டரின் டிசி வயர்களை ஒரே பைப்பில் ஓட்டினால் ஒன்றின் சிக்னல் மற்றதில் கலந்து, அணைத்த பக்கம் அணையாமல் போகும்.

எங்கள் கருத்து: கான்கிரீட் மாடி, மாடிப்படி அறையில் இன்வெர்ட்டர், 10 மீட்டருக்குள் டிசி வயர் என்றால் வீட்டுக்கு இது தேவையில்லை. அந்தப் பணத்தில் நல்ல ஐசொலேட்டரும் எர்த்தும் போடுங்கள். பள்ளி, மருத்துவமனை, தகரக் கூரைத் தொழிற்கூடம், டிசி வயர் அறைகளுக்குள் ஓடும் கட்டடம் என்றால் கட்டாயம் போடுங்கள், அல்லது பேனல் அடியிலேயே மாட்டும் சிறு இன்வெர்ட்டரான மைக்ரோ இன்வெர்ட்டருக்குப் போங்கள். மைக்ரோவில் டிசி ஒரு பேனலின் 50 வோல்ட்டைத் தாண்டாது.

இடி இடிக்கும்போது ஐசொலேட்டரை அணைத்தால் இன்வெர்ட்டர் தப்புமா?
– வாசகி, தென்காசி

நேராக விழும் இடிக்குத் தப்பாது. ஸ்விட்சுக்குள் இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர், இடி அதைத் தாண்டும். பக்கத்தில் விழும் இடியின் சர்ஜைத்தான் தடுக்க முடியும், அதைச் செய்வது எஸ்பிடி. அதன் சன்னல் பச்சையாக இருந்தால் உயிரோடு இருக்கிறது, சிவப்பானால் கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள். ஒவ்வொரு பெரிய இடி மழைக்குப் பிறகும் பாருங்கள். எஸ்பிடியிலிருந்து வரும் இணைப்பு வயர் அரை மீட்டருக்குள், சுருட்டாமல் நேராக இருக்க வேண்டும். டிசி வயர் 10 மீட்டருக்கு மேல் என்றால் இரு முனையிலும் ஒவ்வொன்று வேண்டும். இடி தொடங்கிய பிறகு அணைப்பதற்காக மாடி ஏறாதீர்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே மேலே போகலாம்.

கோவையில் லைனோடும் பேட்டரியோடும் ஓடும் ஹைபிரிட் சோலார், 48 வோல்ட் லித்தியம் பேட்டரி. இதற்கும் அதே வரிசைதானா?

இல்லை. முதலில் வீட்டுச் சுமை, அடுத்து ஈ.பி. இன்புட், பிறகு சோலார் டிசி, கடைசியில் பேட்டரி பிரேக்கர். வெயிலில் முழு வேகத்தில் சார்ஜ் ஆகும்போது பேட்டரியை முதலில் பிடுங்கினால், போக இடமில்லாத மின்சாரத்தால் உள்ளே வோல்டேஜ் எகிறி போர்டு போகலாம். இன்னொரு எச்சரிக்கை: மெயினை அணைத்தாலும் பேக்கப் லைனில் 230 வோல்ட் இருக்கும். மெயின் போர்டில் ‘இந்த வீட்டில் பேட்டரி சோலார் உண்டு’ என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். மூழ்கிய லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யாதீர்கள், வீட்டுக்குள்ளும் வைக்காதீர்கள்.

கஜா புயலின்போது போல வாரக்கணக்கில் கரண்ட் இல்லையென்றால், ஜெனரேட்டரைக் காட்டி ஆன்-கிரிட் சோலாரை ஓட வைக்கலாமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

கூடாது. ஜெனரேட்டரைக் கிரிட் என்று நம்பி இன்வெர்ட்டர் ஓடும், மிஞ்சும் மின்சாரம் ஜெனரேட்டருக்குள் திரும்பும், வோல்டேஜ் ஏறி வீட்டுச் சாமான்கள் கருகும். சேஞ்ச் ஓவர் ஸ்விட்சில் சோலார் இணைப்பு ஈ.பி. பக்கமே இருக்கட்டும்.

ஊட்டியில் குளிருக்கு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

கவனிக்க வேண்டும். குளிரில் வோல்டேஜ் ஏறும், டிகிரிக்கு ஏறத்தாழ 0.27 சதவீதம். 25 டிகிரியில் 550 வோல்ட் தரும் 11 பேனல், உறைபனிக் காலையில் பூஜ்ய டிகிரியில் 587 தரும். இன்வெர்ட்டரின் உச்சம் 550 என்றால் ஸ்விட்ச் போட்ட கணத்தில் போய்விடும். பேனல் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

சோலார் பம்ப்செட்டுக்கும் இதெல்லாம் பொருந்துமா?
– விவசாயி, தலைஞாயிறு

பெரும்பாலும் பொருந்தும், ஒரு வேறுபாட்டோடு. உங்களுக்கு ஏசி பிரேக்கர் கிடையாது. கன்ட்ரோலரில் உள்ள ஸ்டாப் பொத்தானை அழுத்தி மோட்டார் நின்ற பிறகு டிசி ஐசொலேட்டரை அணையுங்கள். ஸ்டாப் பொத்தான் மட்டும் போதாது, பெட்டிக்குள் டிசி அப்படியே இருக்கும். கையால் திருப்பும் ஸ்டாண்ட் என்றால் புயலுக்கு முன் பேனலைக் கிடையாக வைத்துப் பூட்டுங்கள்.

புயல் கழிந்து வயலுக்குப் போகும்போது பேனல் சரிந்தோ கண்ணாடி உடைந்தோ கிடந்தால் ஈரத்தில் அதன் சட்டமே ஷாக் அடிக்கும். ஆடு மாடு, குழந்தைகள் வராமல் கயிறு கட்டித் தடுத்துவிட்டு, பம்ப் போட்டவர்களைக் கூப்பிடுங்கள். கனெக்டரை இழுத்துப் பிரிக்காதீர்கள், ஓட்டம் இருந்தால் கையிலேயே பொறி வெடிக்கும். அவர்கள் வந்து வேலையை அந்தி சாய்ந்த பிறகோ விடியும் முன்போ 1000 வோல்ட் கையுறையோடு செய்யட்டும். புகை தெரிந்தால் 101-க்கு அழைத்து, ‘சோலார் பேனல் இருக்கிறது, டிசி அணையவில்லை’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.